ரிச்சர்டு நிக்கல் கண்ட சலிவன்



சிற்பம், ஓவியம், சங்கீதம் என்று ஆண்டுக்கு ஒரு கலையை எடுத்துக்கொண்டு, அக்கலையில் ஈடுபட்ட ஒருவரது வாழ்நாட் பணியை விரித்துரைக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரின் விருப்பம் என்று எனக்குச் சொன்னார்கள். ஒரே கலைக்குள் அடங்காத ஒருவரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், தடையில்லை என்றார்கள். ஆகவே, தொழிலால் புகைப்படக்காரராக அறியப்பட்டு, கட்டடக்கலைச் சரித்திரக்காரராகத் தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டு, ஒரு பெரிய நூலுக்கு ஆசிரியராக வேண்டும் என்று பல்லாண்டு பாடுபட்டு, அந்த நூலைக் கண்ணால் காணாமலே 43-ஆம் வயதில் மாண்டுபோன சிக்காகோ நகரத்து ரிச்சர்டு நிக்கல் என்பவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

பல கலைகள் ஒருவரிடத்தில் கூடினால் அவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து நிற்கும் என்பது நம்முடைய பொதுவான அபிப்பிராயம். கவியும் சங்கீதமும் அபிநயமும் ஒருவரிடம் இணைந்திருக்கக் கண்டு பழகியவர்கள் நாம். அவ்வாறு நினைப்பதில் வியப்பில்லை. நிக்கலின் வாழ்க்கையோ அந்த அபிப்பிராயத்தை முழுதும் ஒப்புக்கொள்ள விடவில்லை. ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதற்கு அது நின்றுகொண்டிருக்கும் காலமே உரிய காலம். அதன் சரித்திரத்தை ஆராய்வதற்கு, அது நின்றாலும் விழுந்தாலும், பழைய ஏடுகளோடும் பதிவேடுகளோடும் ஆற அமர இருக்கும் அவகாசம் வேண்டும். எழுதுவதற்கோ இவ்விரண்டையும் சற்றே மறந்து மேசையை விட்டு எழாத பொறுமை வேண்டும். இம்மூன்றும் ஒருவருடைய ஆயுளுக்குள் இசைந்து நடப்பது அரிது. நிக்கல் தேர்ந்துகொண்ட கட்டடங்களின் விஷயத்தில் அவை இசையவே இல்லை. எந்த நாள் எதைச் செய்வது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, நகரத்தில் கட்டடம் இடிக்கும் காண்ட்ராக்டர்கள் தீர்மானித்தார்கள். அந்த நெருக்கடியிலிருந்து என்ன விளைந்தது, எது விளையாமல் போயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நிக்கலை அறிய வேண்டுமானால் முதலில் லூயி சலிவனை அறிய வேண்டும். 1871-ல் ஒரு பெருந்தீ சிக்காகோவின் நடுப்பகுதியை அழித்துவிட்டது. சாம்பலின் மேல் ஒரு புதிய நகரத்தை எழுப்ப வேண்டிய அவசரத்தில், அமெரிக்காவின் பல பாகங்களிலிருந்தும் கட்டடக்கலைஞர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பாஸ்டன் நகரத்தில் 1856-ல் பிறந்த சலிவன் அவர்களில் ஒருவர். ஜெர்மனியில் பிறந்தவரும், அஸ்திவாரம், பாரம், ஒலி ஆகியவற்றின் கணக்குகளில் கைதேர்ந்தவருமான டாங்க்மார் ஆட்லர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து அவர் செய்த நிர்மாணங்களே நவீன கட்டடக்கலைச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாக நிற்கின்றன. நாடகசாலை, ஹோட்டல், அலுவலகம் மூன்றையும் ஒரே கல்மலைக்குள் அடக்கி 1889-ல் முடித்த ஆடிட்டோரியம் கட்டடம், செயிண்ட் லூயி நகரத்தில் 1891-ல் எழுந்த வெயின்ரைட் கட்டடம், பஃபலோ நகரத்தில் 1896-ல் நிறைவுற்ற கேரண்டி கட்டடம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எஃகுச் சட்டத்தின் மேல் எழுந்த உயரமான கட்டடத்தை, அதன் உயரத்துக்காக வெட்கப்படாமல், உயரமாகவே தோன்றும்படி அமைத்தவர் சலிவன். பிராங்க் லாயிட் ரைட் அவரிடம் வேலை கற்றவர். பிற்காலத்தில் யாருக்கும் தலைவணங்காத அந்த மனிதர் இவர் ஒருவரையே குரு என்று சொல்லிவந்தார்.

ஆனால் சலிவனுடைய விசேஷம் உயரத்தில் மட்டும் இருக்கவில்லை. அவர் ஓர் அலங்காரப் பித்தர். விதையிலிருந்து முளை கிளம்பி இலையாகவும் கொடியாகவும் சுருள்வதைப் போல, வட்டம் சதுரம் என்ற வெறும் ரேகைகளிலிருந்து செடிகொடிகள் வெடித்துக் கிளம்பும்படி அவர் வரைந்த கோலங்கள், சுவரிலும் உத்தரத்திலும் லிஃப்டுக் கூண்டின் இரும்புக் கம்பியிலும் கதவுக் குமிழிலும்கூட ஏறியிருக்கின்றன. முகப்புகளில் இருக்கும் அலங்காரம் பெரும்பாலும் சுடுமண். அதைச் செய்த விதம் தெரிந்தால்தான் நிக்கல் பிற்காலத்தில் எதற்காக உயிரைப் பணயம் வைத்தார் என்பது விளங்கும். சலிவன் பென்சிலால் வரைந்து கொடுப்பார். நார்த்வெஸ்டர்ன் டெரகோட்டா கம்பெனியில் வேலை பார்த்த கிறிஸ்டியன் ஷ்னைடர் என்னும் கைவினைஞர் அதைக் களிமண்ணில் உருட்டித் திரட்டி மாதிரி செய்வார். அந்த மாதிரியிலிருந்து பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து, அச்சுக்குள் களிமண்ணை அமுக்கி, காயவைத்துச் சூளையில் இடுவார்கள். காய்வதிலும் சுடுவதிலும் மண் ஏறத்தாழ 12-ல் 1 பங்கு சுருங்கும். ஆகவே மாதிரியை அந்த அளவு பெரிதாகவே செய்ய வேண்டும். ஓர் இலையின் விளிம்பு எவ்வளவு சுருங்கும், எங்கே வெடிக்கும் என்பதை ஷ்னைடரின் விரல் அறிந்திருந்தது. நம் கோபுரங்களில் சுதை வேலை செய்யும் ஸ்தபதிகள் இதைக் கேட்டால் தலையசைப்பார்கள்.

ஆட்லர் 1895-ல் பிரிந்து போனார்; 1900-ல் இறந்தும் போனார். அதன்பின் சலிவனுக்கு வேலை குறைந்தது. நடுமேற்கு மாகாணங்களின் சிற்றூர்களில் சில வங்கிகளைக் கட்டினார்; அவை ரத்தினங்கள், ஆனால் எண்ணிக்கையில் சில. கடைசிக் காலத்தில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையில், நண்பர்களின் உதவியால் ஜீவித்து, 1924 ஏப்ரல் மாதம் காலமானார். அவரைப் பற்றிய முதல் முழு நூலை ஹியூ மாரிசன் என்பவர் 1935-ல் வெளியிட்டார். அந்நூலில் ஒரு கட்டடப் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் வருவோம்.

ரிச்சர்டு நிக்கல் 1928-ல் சிக்காகோவில், போலிஷ் வம்சத்துக் குடும்பத்தில் பிறந்தார். கலாசாலைப் படிப்பு என்ற எண்ணமே அந்த வட்டாரத்தில் சாதாரணமானதன்று. ராணுவத்தில் சேர்ந்து திரும்பியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் படிப்புச் செலவைக் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் சேர்ந்த இடம் டிசைன் இன்ஸ்டிடியூட் என்னும் கலைக்கூடம். ஹங்கேரியரான மோஹொலி-நாகி 1937-ல் ஜெர்மானிய பௌஹௌஸ் பள்ளியின் மறுபிறவியாகச் சிக்காகோவில் தொடங்கிய அக்கூடம், 1949-ல் இல்லினாய் தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்தது. கொரியா யுத்தம் நிக்கலை மறுபடியும் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டது. அவர் படிப்பை விட்ட இடத்தில் மீண்டும் தொடர்ந்தபோது புகைப்படத் துறையில் ஹாரி கேலகனும் ஆரன் சிஸ்கிண்டும் உபாத்தியாயர்களாக இருந்தார்கள்.

இவ்விருவரும் கட்டடங்களைப் பதிவு செய்பவர்கள் அல்லர். சிஸ்கிண்டு, உரிந்த சாயத்தையும் கிழிந்த சுவரொட்டியையும் அருகில் நின்று எடுத்து, அவற்றை ஓவியம்போல் ஆக்கியவர். அத்தகையவர் தம் மாணவர்களைச் சலிவனின் கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பினார் என்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்துச் சிக்காகோவில் பழைய சுவரின் சௌந்தரியத்தைக் காணத் தெரிந்தவர்களுக்குச் சலிவன் தானாகவே கண்ணில் படுவார். வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய அந்த வேலை 1954-ல் ஒரு கண்காட்சியாக முடிந்தது. மற்ற மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். நிக்கலுக்கு மட்டும் அது முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பழைய கட்டடங்களைப் பார்க்கக் கற்பித்த அதே கல்லூரி, தன் வளாகத்தை விரிப்பதற்காகப் பழையவற்றை இடித்துக்கொண்டிருந்தது. கட்டடக்கலைத் துறையின் தலைவர் மீஸ் வான் டெர் ரோ, 1956-ல் முடிந்த கிரௌன் ஹால் என்னும் கண்ணாடி மண்டபத்தை எழுப்பிய மனையில், 1892-ஆம் ஆண்டுக் கட்டடமான மெக்கா குடியிருப்பு 1952 வரை நின்றது. உள்ளே இரு பெரிய முற்றங்களும் மேலே கண்ணாடிக் கூரையும் கொண்ட கட்டடம் அது. கிரௌன் ஹாலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது சிறந்த கட்டடந்தான். சிறந்த கட்டடத்துக்காகவும் இடிப்பார்கள், மோட்டார் நிறுத்தும் இடத்துக்காகவும் இடிப்பார்கள் என்பதை நிக்கல் மாணவப் பருவத்திலேயே கண்டுகொண்டார் என்பதற்காகச் சொன்னேன்.

இனி மாரிசனின் பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்த இளைஞருக்கு ஒன்று தெளிவாயிற்று: பட்டியலில் இருக்கும் பல கட்டடங்கள் தெருவில் இல்லை, தெருவில் இருக்கும் பல கட்டடங்கள் பட்டியலில் இல்லை. ஆட்லரும் சலிவனும் ஆரம்ப காலத்தில் பணக்காரர்களுக்காகவும் நடுத்தர வியாபாரிகளுக்காகவும் வீடுகள், கிடங்குகள், சிறு தொழிற்சாலைகள் என்று எத்தனையோ கட்டியிருந்தார்கள். அறுபது எழுபது ஆண்டுப் புகையில் அவை கறுத்து, அறைகள் கூறுபோடப்பட்டு, முகப்பின் மேல் கடைப் பலகைகள் ஏறி, உள்ளே குடியிருப்பவர்களுக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தன. நிக்கல் அவற்றைக் கண்டுபிடித்த முறை இரண்டு பாதைகளாக நடந்தது. ஒன்று கண்ணின் பாதை: ஜன்னலுக்கு மேலுள்ள கல்லில் தாமரையையொத்த ஒரு விசிறி மலர், செங்கல் வரிசையின் ஒரு விதமான மடிப்பு, கூரை விளிம்பில் எஞ்சிய ஒரு சுடுமண் துண்டு என்று எங்காவது ஒரு கைச்சாயல் தெரிந்தால் அங்கே நின்றுவிடுவார். மற்றொன்று காகிதத்தின் பாதை: இன்லண்ட் ஆர்க்கிடெக்ட் முதலிய அக்காலத்துத் தொழிற் பத்திரிகைகளில், இன்ன தெருவில் இன்னாருக்கு இத்தனை மாடிக் கட்டடம், கலைஞர் ஆட்லரும் சலிவனும் என்று ஓரிரு வரியில் வரும் செய்திகளையும், நகராட்சியின் கட்டட அனுமதிப் பதிவுகளையும், பழைய விலாச நூல்களையும் புரட்டுவது. கண் ஐயுற்றதைக் காகிதம் உறுதி செய்யும். காகிதம் சொன்னதைத் தேடிக் கால் நடக்கும். அங்கே போனால் சில சமயம் காலி மனை இருக்கும்.

புகைப்படக்காரர் சரித்திரக்காரராக ஆனது இவ்வாறுதான். யாரும் அவரைச் சரித்திரம் எழுதச் சொல்லவில்லை. எதைப் படமெடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே சரித்திரம் தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்துச் சரித்திரக்காரர்கள் நூல்களிலிருந்து கட்டடத்துக்கு வருவார்கள். இவர் சுவரிலிருந்து நூலகத்துக்குப் போனார். 1957-ல் ஆட்லர், சலிவன் ஆகியோரது கட்டடங்களின் புகைப்பட ஆவணம் என்னும் பொருளில் எம்.எஸ். பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தார். அவர் முடித்துக் கொடுத்த நீண்ட எழுத்துப் பணி அது ஒன்றே என்று சொல்லலாம். மாரிசன் அறியாத பல கட்டடங்கள் அவர் உழைப்பால் சலிவனின் கணக்கில் சேர்ந்தன.

அவருடைய படங்களைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் இடிபாட்டின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் அவற்றை வெறும் சாட்சிகளாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முக்காலியின் மேல் ஏற்றிய பெரிய காமிராவில், தலைக்கு மேல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துத்தான் கட்டடப் படம் எடுப்பது வழக்கம். உயரமான கட்டடத்தை எடுக்கக் காமிராவை அண்ணாந்து சாய்த்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றோடொன்று சாய்ந்துவிடும். ஆகவே காமிராவை நேராக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்த வேண்டும். வடக்கு நோக்கிய முகப்பானால் வேறொரு சங்கடம்: சிக்காகோவின் அட்சரேகையில் அந்த முகப்பில் வெயில் விழுவது கோடைக்கால அதிகாலையிலும் அந்தி வேளையிலும் மட்டுமே, சுடுமண் கொடியின் மேடு பள்ளங்கள் பக்கவாட்டில் சரியும் அந்த ஒளியில்தான் எழுந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். இந்தத் தொழில் நுணுக்கம் எல்லாம் எந்த நல்ல கட்டடப் படக்காரருக்கும் உண்டு. நிக்கலிடம் உள்ள தனித்தன்மை என்னவென்றால், அவர் கட்டடத்தை அது பிறந்த நாளின் புதுமையோடு காட்ட முயலவில்லை. அதனைச் சுற்றிய மின்கம்பியையும் விளம்பரப் பலகையையும் மதுக்கடையையும் விலக்காமல், அவற்றின் நடுவே அதன் அமைப்பு எங்ஙனம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது என்று காட்டினார். சிஸ்கிண்டிடம் கற்ற, சட்டத்தின் நான்கு மூலைகளையும் விழிப்போடு நிரப்பும் வித்தை அங்கே வேலை செய்கிறது. கட்டடக்கலைப் பத்திரிகைகளுக்காக எடுக்கும் படங்களில் ஆகாயம் எப்போதும் நிர்மலமாக இருக்கும். நிக்கலின் படங்களில் ஆகாயம் சிக்காகோவின் ஆகாயமாகவே இருக்கிறது. என் ரசனையில் இவரது மிகச் சிறந்த படங்கள் முழுக் கட்டடங்களைக் காட்டுபவையும் அல்ல, துண்டு அலங்காரங்களைக் காட்டுபவையும் அல்ல. பாதி இடிந்த கட்டடங்களைக் காட்டுபவையே. அவற்றுள் காரிக் நாடகசாலைப் படங்கள் தலையாயவை.

காரிக் கட்டடத்துக்குப் பிறப்பில் ஷில்லர் கட்டடம் என்று பெயர். சிக்காகோவின் ஜெர்மானியர்கள் தங்கள் மொழி நாடகங்களுக்காகக் கட்டிக்கொண்டது, 1892-ல் முடிந்தது, 17 மாடிக் கோபுரம், அடியில் ஏறத்தாழ 1300 பேர் அமரும் நாடகசாலை. மேடையை நோக்கி ஒன்றினுள் ஒன்றாகச் சுருங்கிப் போகும் வளைவுகளில் சலிவன் தம் கோலங்களை ஏற்றியிருந்தார். அந்த வளைவுகள் ஒலியை அரங்கின் கடைசி வரிசை வரை கொண்டு செல்வது ஆட்லரின் கணக்கு. பின்னாளில் அது சினிமாக் கொட்டகையாகி, 1960-ல் உரிமையாளர்கள் அதை இடித்துவிட்டு மோட்டார் வண்டிகளை நிறுத்தும் மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்தார்கள். நிக்கல் தெருவில் இறங்கினார். கையில் அட்டை பிடித்துக் கட்டடத்தின் முன் நின்றார். கட்டடக்கலைஞர்களும் மாணவர்களும் சேர்ந்து நின்றார்கள். பழைய கட்டடத்தைக் காக்கப் பொதுஜனம் தெருவில் நிற்பது அந்நகரத்துக்கு நூதனமான காட்சி. மேயர் ரிச்சர்டு டேலியின் நகராட்சியும் ஒரு கட்டத்தில் இடிப்பதற்கு அனுமதி தர மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. ஒரு கட்டடம் அழகாயிருக்கிறது என்ற காரணத்துக்காக அதன் உடைமைக்காரரை அதை வைத்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த நகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்ற நிலைதான் அன்றைய சட்டத்தில் இருந்தது. மேல் நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வென்றார்கள். 1961-ன் தொடக்கத்தில் இடிப்பு வேலை ஆரம்பமாயிற்று.

அந்த மாதங்களில் நிக்கல் நான்காவது வேடம் ஒன்றையும் பூண வேண்டியதாயிற்று. ஜான் வின்சி என்னும் இளம் கட்டடக்கலைஞரோடும் டேவிட் நாரிஸ் என்பவரோடும் சேர்ந்து, இடிப்பவர்களுக்கு முன்னால் ஓடி, சுடுமண் துண்டுகளையும் சாந்து வார்ப்புகளையும் பெயர்த்தெடுக்கும் வேலை அது. மண்ணுருண்டையைப் பெயர்ப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். முகப்பில் பதித்த சுடுமண் கட்டி முன்புறம் மலர்போலத் தெரிந்தாலும் பின்புறம் அறையறையாகக் குழிந்த பெட்டி. அந்தக் குழிவுகளில் செங்கல்லும் காரையும் இட்டு நிரப்பி, இரும்புக் கொக்கிகளால் சட்டத்தோடு பிணைத்திருப்பார்கள். முன்னாலிருந்து இழுத்தால் மலர் உடையும். பின்னாலிருந்து உளியால் காரையைக் கொத்திக் கொக்கியை அறுத்து, கட்டி தன் பாரத்தால் விழாமல் தாங்கி இறக்க வேண்டும். பனிக்காற்றில், கைப்பிடிச் சுவர் இல்லாத உயரத்தில், மேலே கிரேன் வேலை செய்துகொண்டிருக்கும்போது இதைச் செய்தார்கள். நடுவே நிக்கல் காமிராவையும் நிறுத்தினார். கூரை போய், மேடை வளைவு வெட்டவெளியை நோக்கித் திறந்து, நாற்காலி வரிசைகள் இருந்த இடத்தில் இடிபாடு மலையாகக் குவிந்து நிற்கும் படம் அந்தக் காலத்தில் எடுத்ததுதான். கட்டடம் முழுமையாக இருந்தபோது எந்தப் படமும் காட்டாத ஒன்றை அது காட்டுகிறது: வளைவுகள் எஃகிலிருந்து எவ்வாறு தொங்கவிடப்பட்டிருந்தன, அலங்காரத்துக்கும் அதைத் தாங்கிய எலும்புக்கும் என்ன தூரம் என்பது. சரித்திரக்காரருக்கு அது வரைபடம். கலைஞருக்கு அது துக்கம். இரண்டும் ஒரே நெகட்டிவில்.

பெயர்த்தெடுத்த துண்டுகள் கலைக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போயின. செகண்டு சிட்டி என்னும் நகைச்சுவை நாடகக் குழு வெல்ஸ் தெருவிலுள்ள தன் கொட்டகையின் முகப்பில் சில வளைவுகளைப் பதித்துக்கொண்டது. அவற்றின் கீழே இன்றும் ஜனங்கள் டிக்கெட்டோடு நுழைகிறார்கள். காரிக் இருந்த இடத்தில் மோட்டார் நிறுத்தும் கட்டடம் எழுந்தது. அதன் முகப்பிலும், பிராயச்சித்தம்போல, சலிவனின் ஓர் அலங்காரத்தை வார்த்து ஒட்டினார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

துண்டுகளைக் காப்பாற்றுவது சரிதானா என்ற கேள்வி உண்டு. அலங்காரத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கட்டடத்தை இடித்தவருடைய மனச்சாட்சிக்கு அது சௌகரியமாகிவிடுகிறது அல்லவா? இக்கேள்விக்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. ஆனால் நிக்கல் முதலில் தெருவில் நின்றார், பிறகு நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்தார், எல்லாம் தோற்ற பிறகே உளியை எடுத்தார் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். பெயர்த்தெடுத்தவற்றைப் பார்க் ரிட்ஜ் என்னும் புறநகரில் தம் பெற்றோர் வீட்டிலேயே குவித்து வைத்திருந்த அவர், 1965-ல் ஒரு பெரிய தொகுப்பைத் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ்வில் வளாகத்துக்கு விற்றார். வியாபாரியாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது எழுத்தின் கதை. ஆட்லர், சலிவன் கட்டடங்கள் அனைத்தையும் படங்களோடு தொகுத்து ஒரே நூலாக வெளியிடுவது என்று ஐம்பதுகளிலேயே திட்டம் உருவாயிற்று; சிஸ்கிண்டு அதில் பங்காளி; நியூயார்க்கில் ஹொரைசன் பிரஸ் நடத்திய பென் ரேபர்ன் வெளியிட ஒப்புக்கொண்டார். ரைட்டின் பல நூல்களை வெளியிட்டவர் அவர். அதைவிடத் தகுந்த பதிப்பாளர் வாய்த்திருக்க முடியாது. நூல் வரவில்லை. ஒவ்வோராண்டும் ஒரு புதிய கட்டடம் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு பழைய கட்டடம் இடிபட்டது. 1960-ல் ரிவர்சைடு என்னும் ஊரில் பாப்சன் மாளிகை போயிற்று, மறு ஆண்டில் காரிக் போயிற்று. ஒவ்வொரு முறையும் நிக்கல் மேசையை விட்டு எழுந்து போனார். போய்த் திரும்பி வரும்போது கையில் புதிய படங்களும், எழுதி முடித்த பக்கங்களில் திருத்த வேண்டிய பிழைகளும் இருந்தன.

இதை முழுத் தியாகமாகவே சொல்வது அவரைப் பற்றி எழுதுவோரின் வழக்கம். அவ்வளவு எளிதாக நான் ஒப்பமாட்டேன். கட்டடங்களைக் காப்பாற்ற ஓடியதால் நூல் நின்றது என்பது உண்மை. ஆனால் பட்டியல் பூர்த்தியாகும் வரை எழுத்தை முடிக்கக்கூடாது என்ற ஒரு பிடிவாதமும் அவரிடம் இருந்தது. பூர்த்தியான பட்டியல் என்பது சரித்திரக்காரரின் கனவு. எழுத்தாளருக்கு அது ஒரு பொறி. மாரிசன் குறைபாடுள்ள பட்டியலோடு 1935-ல் நூலை வெளியிட்டார். அந்தக் குறையே நிக்கலைத் தெருவுக்கு இழுத்து வந்தது. நிக்கல் குறையோடு ஒரு நூலை 1960-ல் வெளியிட்டிருந்தால், காரிக்குக்காக வழக்காடியவர்களின் கையில் அது ஓர் ஆயுதமாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. அன்றைய நகரத் தந்தையர்க்குச் சலிவன் யார் என்று சொல்லிக் கொடுக்க, அட்டையில் எழுதிய வாசகங்களைத் தவிர, எளிதில் கைக்குக் கிடைக்கும் படநூல் ஒன்றும் இல்லை.

போராட்டம் வீணாகப் போகவில்லை. வரலாற்றுச் சின்னங்களை அறிவிக்கவும் காக்கவும் சிக்காகோ 1968-ல் ஒரு சட்டம் செய்தது. ஆனால் அறிவிப்பது நகர மன்றத்தின் கையில் இருந்தது. பங்கு மாற்றுச் சந்தைக் கட்டடத்தின் விஷயத்தில், சின்னமாக அறிவிக்கலாம் என்ற சிபாரிசை மன்றம் ஏற்கவில்லை. ஆட்லரும் சலிவனும் 1894-ல் லாசால் தெருவில் முடித்த 13 மாடிக் கட்டடம் அது. தரகர்கள் கூவி விலை பேசிய பெரிய கூடத்தின் சுவர்களிலும் கூரையிலும், ஹீலி–மில்லே கம்பெனியார் அச்சுத் தகடு வைத்துப் பல வர்ணங்களில் எழுதிய கோலங்கள் இருந்தன. சந்தை 1908-ல் வேறிடம் போன பிறகு வங்கியும் பிறவும் அந்தக் கூடத்தில் குடிபுகுந்தன. கோலங்களின் மேல் சாயமும் பொய்க்கூரையும் ஏறின. 1971-ன் பிற்பகுதியில் இடிக்கத் தொடங்கியபோது, கூடத்தைப் பிரித்தெடுத்துச் சிக்காகோ கலைக்கூடத்தில் மறுபடியும் கூட்டுவது என்று ஏற்பாடாயிற்று. அதற்கான வேலையில் வின்சியும் நிக்கலும் இருந்தார்கள். கூடத்துப் பாகங்கள் பத்திரமாக வெளியேறிய பிறகும் நிக்கல் மறுபடியும் மறுபடியும் உள்ளே போனார். இன்னும் ஏதோ துண்டு எஞ்சியிருக்கிறது என்ற எண்ணம். 1972 ஏப்ரல் 13-ஆம் தேதி போனவர் திரும்பவில்லை. தளம் இடிந்து சரிந்ததில் அகப்பட்ட அவருடைய உடல் மே 9-ஆம் தேதி கிடைத்தது. அவருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிரேஸ்லண்டு இடுகாட்டில் சலிவனுக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

அகால மரணம் ஒரு கலைஞரின் பணியைத் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டுவிடும். நிக்கலைப் பற்றித் தெரிந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த மரணந்தான் தெரியும். ரிச்சர்டு கேஹன் 1994-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு அவருடைய கடிதங்களை நிறைய எடுத்தாள்கிறது. அக்கடிதங்களில் பேசும் மனிதர் கோபக்காரர், ஹாஸ்யக்காரர், நகரத்தின் அதிகாரிகளையும் தம்மையும் ஒருசேர ஏசிக்கொள்பவர். எழுத்தாளர் நிக்கலைத் தேடுவோர் முடியாத நூலை விட்டுவிட்டு அக்கடிதங்களில் தேடுவதே உத்தமம் என்று எனக்குப் படுகிறது. அங்கே பட்டியலைப் பூர்த்தி செய்ய வேண்டிய கவலை இல்லை; வாக்கியம் தானாக ஓடுகிறது.

நூல் 2010-ல் வந்தது. நிக்கல், சிஸ்கிண்டு, ஜான் வின்சி, வார்டு மில்லர் நால்வர் பெயரையும் தாங்கி, ஆட்லர், சலிவன் ஆகியோரது 250-க்கும் மேற்பட்ட வேலைகளைப் படத்தோடும் குறிப்போடும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் பெருநூல். இறந்துபோன தோழரின் பெயரை முதலில் வைத்து, 38 ஆண்டுகள் அதைக் கைவிடாமல் காத்து முடித்தவர்களின் விசுவாசம் எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது. ஆயினும் அதைப் படிக்கும்போது ஒரு மனக்குறை எழுகிறது: இந்த வாக்கியம் யாருடையது, இந்த மதிப்பீடு யாருடையது என்று வாசகர் பிரித்தறிய வழியில்லை. பட்டியல் பூர்த்தியாயிற்று, எழுதியவர் குரல் கரைந்துவிட்டது. படங்களில் மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. நிக்கலின் படத்தை அடையாளம் காணப் பெயர் போட வேண்டியதில்லை.

இந்நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், சலிவன் பிறந்து 150 ஆண்டு நிறைந்த 2006-ல், சிக்காகோவில் அவருடைய கட்டடங்கள் மூன்று தீக்கிரையாயின. அவற்றில் ஒன்று, யூதர்களின் ஜெப ஆலயமாக 1891-ல் கட்டப்பட்டுப் பின்னர் கறுப்பர்களின் பில்கிரிம் பாப்டிஸ்டு தேவாலயமாகிய கட்டடம். காஸ்பல் சங்கீதம் வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. கூரையும் உள் அலங்காரமும் எரிந்து கற்சுவர்கள் மட்டும் எஞ்சின. உள்ளே என்ன இருந்தது என்று அறிய வேண்டியவர்களுக்கு இனி நிழற்படங்களே ஆதாரம். கிரேனும் சுத்தியலும் இல்லாமலேயும் கட்டடம் அழியும் என்பதை நிக்கல் அறியாதவரல்லர். அதனாலேயே நின்ற கட்டடங்களையும், அவற்றுக்கு ஆபத்து ஏதும் தோன்றாத நாட்களிலேயே, மூலைமுடுக்கு விடாமல் எடுத்து வைத்தார்.

அவருடைய நெகட்டிவுகளும் குறிப்புகளும் கடிதங்களும் இப்போது சிக்காகோ கலைக்கூடத்தின் நூலகத்தில் இருக்கின்றன. பங்கு மாற்றுச் சந்தையின் கூடமும் அதே வளாகத்தில் 1977-ல் மறுபடியும் கூட்டித் திறக்கப்பட்டு, அதன் வாயில் வளைவு வெளியே புல்தரையில் தனியாக நிறுத்தப்பட்டிருக்கிறது. கட்டடக்கலை பயில இங்கிருந்து அந்நகரத்துக்குப் போகும் மாணவர்கள், கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நூலகத்தில் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, அதே சுவர் லாசால் தெருவில் சாயம் பூசிக் கிடந்தபோது நிக்கல் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. புதிதாகப் பூசிய வர்ணத்துக்கும் அவர் கண்ட வர்ணத்துக்கும், கழற்றி மாட்டியபோது விட்டுப்போன மூலைகளுக்கும் உள்ள வேற்றுமைகளை அங்கே உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம், அரைநாள் வேலை.